சுவர் என்று கூப்பிட்டால் திரும்பாதே

அன்பு மகன் குண்டூசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் போன வாரம் நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவள்தான், இருந்தாலும் கேட்கிறேன், நீ சௌக்கியமா? போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், உனக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, அது எனக்குத் தெரிந்தால் குடோனுக்கு அனுப்பிவிடுவேன் என்று என் எதிரில் மட்டும் நொண்டுகிறார். மழைக்காலச் செருப்பெல்லாம் வந்து இறங்கிவிட்டது. உன் மாமா தெருவில் ஒருத்தரையும் விடுவதில்லை, செருப்பு வாங்க வந்தவர்களைக்கூட உட்காரவைத்து, "என் மருமகன்தான் ஃபைனல்ல கோல் கீப்பர், டிவில காட்டுவாங்க, பாருங்க" என்று ஒரே அலம்பல். "பந்து வந்தா குனிஞ்சுக்கிற பயலா?" என்று அப்பா கேட்டுவிட்டார், அதிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பூட்ஸ் கம்பெனிக்காரரைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தவள், அப்படியே உன்னையும் பார்த்துவிடலாம் என்றுதான் சொல்லாமல் வந்தேன். ஸ்டேஷனில் டாக்சி பிடித்து, உங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், மகன் படிக்கிறான் என்று போனில் உன் படத்தைக் காட்டினேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னையே பார்த்தார். "இது நம்ம கோல் கீப்பர் சுவராச்சே. அவன் அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். நீங்க அவங்க இல்லையே" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை, நான்தான் ஏதோ பொய் சொல்லி ஏறியவள் மாதிரி கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினார். வழியெல்லாம் ஊரே நீலமும் மஞ்சளுமாகக் கொடி கட்டிக்கொண்டு நிற்கிறது, பேக்கரியில், மருந்துக் கடையில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் உன் முகம். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். காலேஜ் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சலூனில் வழி கேட்க நுழைந்தபோதுதான் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். அது நீ இல்லை. உன் நெற்றி, உன் மூக்கு, உன் தலைவாரல், ஆனால் நீ இல்லை. படத்துக்குக் கீழே ரெண்டு வருஷம் அச்சடித்திருந்தது, பிறந்த வருஷம் தெரிகிறது, இறந்த வருஷத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமல், "அது பழைய படம்மா. இனிமே அது வேண்டாமேன்னு ஒட்டிட்டோம். அதான் திரும்பி வந்துட்டான்ல" என்றார். உன்னிடம் அவர் காசே வாங்குவதில்லையாமே? வியாபாரத்தில் எனக்கு ஒரே ஒரு பயம்தான், விலை கேட்டால் சிரிக்கிற ஆள்.

மைதானத்தில் நீ பயிற்சியில் இருந்தாய். வெறும் பயிற்சிக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று குண்டூசி குண்டூசி என்று தொண்டை வலிக்கக் கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை. சத்தத்தில் கேட்கவில்லை போல என்று சமாதானம் செய்துகொண்டேன். எங்கேயோ தூரத்தில் ஒரு பெரியவர், இருமிக்கொண்டே, மெதுவாகத்தான், சுவரு என்றார். சட்டென்று திரும்பினாய். திரும்பிய வாக்கில் என்னைப் பார்த்தாய், கடை வாசலில் யாராவது தயங்கி நின்றால் நாம் கேட்போமே, அந்த மாதிரி, "யாரு வேணும்?" என்று கேட்டாய். அப்புறம்தான் அம்மா என்றாய், ஓடி வந்தாய், வெயில் கண்ணில் அடித்தது என்றாய். வெயில் உன் முதுகுப் பக்கம் இருந்தது.

உன் அறைக்கு வந்ததும் கட்டிலுக்குக் கீழே குனிந்தேன், நீ சாக்ஸை ஒளித்துவைக்கிற இடம் அதுதானே. அங்கே அந்தச் சலூன் படத்தில் இருந்த பையனின் பழைய பூட்ஸ் இருந்தது, டீம்காரர்கள் கொடுத்தது என்றாய். இத்தனை வருஷம் ஊரார் காலைப் பார்த்துப் பிழைத்தவள் நான், அடியைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவன் குதிகாலின் வெளிப்பக்கத்தை அழுத்தி நடந்தவன், ரப்பர் அந்தப் பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. நீ சின்னதிலிருந்தே கட்டைவிரல் பக்கம் தேய்ப்பவன், அதற்காகவே உனக்கு உள்பக்கம் தோல் வைத்துத் தைக்கச் சொல்வேன். நீ காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போகிற, போன தடவை நான் அனுப்பிய புது ஷூவையும் திருப்பினேன். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது. அவன் பூட்ஸைப் போட்டுப் பழகியதால் நடை மாறியிருக்கும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அப்படி நடை மாறிய ஒரு காலை நான் இதுவரை பார்த்ததில்லை. அவன் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன் உன்னை. எல்லாரும் சுவர்னுதாம்மா சொல்வாங்க என்றாய். ஒருத்தனின் சட்டை, பூட்ஸ், நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டாய், பெயர் கேட்கத் தோன்றவில்லை.

நான் கேட்டுக்கொண்டு வந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செமி ஃபைனல் ஜெயித்துவிட்டுத் திரும்பும்போது பஸ் கவிழ்ந்து இறந்திருக்கிறான், ஃபைனலை அவன் ஆடவில்லை, ஊர் தோற்றது. இதெல்லாம் எனக்குச் சொன்னது ஹாஸ்டல் பாதர். உங்கள் கோயிலில் மாதா மாதம் பூசையில் இறந்துபோன மாணவர்கள் பெயரை வாசிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் இவன் பெயரை மட்டும் நீ சேர்ந்ததிலிருந்து வாசிப்பதில்லையாம். "டீம்காரங்க வந்து கேட்டாங்கம்மா, பசங்க மனசு தளர்ந்துரக் கூடாதுன்னு. நானும் விட்டுட்டேன். இப்ப வாசிக்கணும்னு நினைச்சாலும் வாய் வர மாட்டேங்குது, அவன் எதிர்லயே உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, உன்னைத்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார்.

கேட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாரே ஒரு அம்மா, நீ நோட்ஸ் எடுக்கப் போவாயே, உன் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைத் தருகிறவர் என்று சொன்னாயே, அவர்தான் அந்தப் பையனின் அம்மா. நான் போய் நின்றதும் மிஷினை நிறுத்தி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கடைக்காரிக்குக் கடைக்காரி, சுற்றி வளைக்காமல் பேசினோம். "நேத்து உங்க பையன் நல்லா ஆடினான்னு வந்து வந்து சொல்றாங்கக்கா. நான் அழுதா, நல்ல நாளும் அதுவுமா என்னம்மா இது, அவன்தான் கிரவுண்டுல நிக்கிறானேங்கிறாங்க. என் பிள்ளை செத்துட்டான்னு என்கூடச் சேர்ந்து சொல்ல இந்த ஊர்ல ஒரு ஆள் இல்லைக்கா" என்றார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை, அது பாவம் சின்னப் பிள்ளை என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

கண்ணு, உன்னை எந்த டீமிலும் யாரும் சேர்த்ததில்லை, கடைசியில் நின்று பந்து பொறுக்கிப் போட்டவன் நீ, எனக்குத் தெரியாதா? இன்றைக்கு ஊரே தோளில் தூக்கும்போது இறங்கு என்றால் அம்மாவுக்குப் பொறாமையா என்றுகூடத் தோன்றும். ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் கை பந்தைப் பிடிக்கிறது, அது உன் கைதான், நன்றாக ஆடு. ஆனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் இறக்கப்போவது உன்னை இல்லை. அதில் ஜெயித்துவிட்டால் அப்புறம் உன்னைத் திருப்பித் தர மாட்டார்கள், தோற்றாலும் தர மாட்டார்கள், அடுத்த வருஷமும் அவனாகவே நிற்கவைப்பார்கள். படிப்பு முடிந்து நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது யார் வேண்டும் என்று நீ என்னைக் கேட்பாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, உன் விஷயத்தில் பயம் என்று இதுவரை நான் எழுதியதில்லை.

அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மாதப் பூசை சனிக்கிழமை காலைதான், அதற்கு முன்னால் பாதரிடம் போய், அந்தப் பெயரை இன்று வாசியுங்கள் என்று கேள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், "பையன் வந்து கேக்கட்டும், வாசிக்கிறேன்" என்கிறார், உன் வாயால்தான் வர வேண்டுமாம். பெயரை நான் இதில் எழுதவில்லை, நீ அங்கேயே கேட்டுக்கொள். அப்புறம் டீம்காரர்களிடம் உன் பெயர் போட்ட சட்டை கேள். கொடுத்தால் ஆடு, கொடுக்காவிட்டால் பெட்டியைக் கட்டு, வேறு காலேஜ் உலகத்தில் இல்லாமல் போகவில்லை. மாமாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே, பரீட்சைக்கு இப்போதே படிக்க ஆரம்பி. உடம்பும் புத்தியும் உனக்கே உரியதாக இருந்து நீ நீண்ட நாள் வாழ அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காதே, சனிக்கிழமை காலை. நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். கோயிலில் முன்வரிசையில் அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் நீ நில், மறுபக்கம் நான் நிற்கிறேன். பாதர் பெயரை வாசித்ததும் அவர் அழட்டும், எவ்வளவு நேரமானாலும் அழட்டும். யாராவது தடுக்க வந்தால் நீ பேசாதே, நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா