பூட்ஸ் பொருந்தியது என்று சொன்னவன்

நேற்று என் மகன் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விடப் புதிதாக ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்தான். வத்தலக்குண்டு வெயிலில் அரைமணி நேரம் அது முற்றத்தில் கிடந்திருக்கும். எடுத்துக் கையில் சுற்றும்போது ரப்பரும் ஈரமும் கொஞ்சம் மண்ணும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. குழாயைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னப்பா, தலை சுற்றுகிறதா என்று மகன் கேட்டான். வெயில் என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

உயிரோடு இருந்தவரை உங்களை நான் ஒரு நாளும் ‘நீங்கள்’ என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர் நீங்கள். ஆனால் நான் கொடைக்கானலில் நகரப் பூங்காக்களின் மேற்பார்வையாளர், நீங்கள் தினக்கூலித் தோட்டக்காரர். அதனால் நீங்கள் ‘ஏலே’, நான் ‘தொரை’. மற்ற ஆட்கள் என்னை ஐயா என்றார்கள். நீங்களும் உங்கள் மனைவி பாக்கியமும் மட்டும் தொரை என்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த சொல் அது. வெள்ளைக்காரன் போய் எத்தனை வருசமாச்சு, இங்கே என்ன தொரை என்று முதல் வாரம் அதட்டினேன். பழகிப்போச்சுங்க தொரை என்று சிரித்தீர்கள். உள்ளுக்குள் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நீங்கள் கொடைக்கானலுக்கு வந்தீர்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், மலையில் வாட்டில் மரம் வெட்டியது கொஞ்ச காலம், அதற்குப் பிறகு என்னிடம். பாக்கியத்தையும் களையெடுக்கும் பெண்களோடு சேர்த்துக்கொண்டேன். பஜாரில் ராவுத்தர் மளிகைக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தீர்கள்.

உறைபனியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டவன். நீங்கள் நுவரெலியாப் பக்கம் தேயிலை கருகுவதைப் பார்த்தே வளர்ந்தவர். மார்கழி பிறந்துவிட்டால் ஏரிக்கு மேலே இருந்த நம் பூங்காவின் பெரிய புல்வெளி, விடிகாலையில் உப்புக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் படுவதற்குள் தண்ணீர் அடித்து அந்தப் பனியைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் புல் வெந்துபோகும். சாயங்காலமே குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் போவீர்கள். உள்ளே தண்ணீர் நின்றால் காலையில் குழாய் கட்டையாகிவிடும். இதெல்லாம் யாரும் சொல்லாமல் நீங்கள் செய்தது. முதல் பனிக்காலத்தில் எனக்கு ஒன்று சொன்னீர்கள்.

“பனி வெழுந்த புல்ல மிதிச்சா ஒடனே ஒன்னுந் தெரியாதுங்க தொரை. ரெண்டு நா கழிச்சுத்தான் அது காட்டிக் குடுக்கும்.”

நீங்கள் சொன்னது போலவே நடந்தது. யாரோ மிதித்த இடத்தில் இரண்டு நாள் கழித்துப் பாதம் பாதமாகப் புல் கருகிக் கிடந்தது. நான் உடனே உத்தரவு ஒன்று தட்டச்சு செய்து கொட்டகைக் கதவில் ஒட்டினேன். உறைபனி நாட்களில் புல்வெளியில் கால் வைப்பவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். யோசனை உங்களுடையது, கையெழுத்து என்னுடையது. நீங்கள் எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் கடுசா இருக்குதுங்களே என்றீர்கள். சோலியைப் பாரு என்றேன்.

உங்கள் பூட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் அதை உங்களுக்குக் கொடுத்தார். பெரிய கால்காரர் போலிருக்கிறது. முன்னால் கந்தல் துணி திணித்துத்தான் நீங்கள் போட முடிந்தது. நம் ஆட்களில் பாதிப் பேர் வெறுங்கால், மீதிப் பேர் ரப்பர் செருப்பு. ஆட்களுக்கெல்லாம் பூட்ஸ் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டீர்கள். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. பூட்ஸ் போட்டிருந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர், நீங்களும் நானும்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருடம், பொங்கல் முடிந்த சமயம். மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், வியாழக்கிழமை நம் புல்வெளியில் அவருக்குத் தேநீர் விருந்து என்று அலுவலகமே பறந்துகொண்டிருந்தது. அதே மாதம்தான் தினக்கூலிகளில் யார் யாரை நிரந்தரமாக்குவது என்ற பட்டியலும் தயாரானது. முதல் பெயராக உங்கள் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன். நிரந்தரம் ஆனால் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிற்பாடு பென்ஷன். பாக்கியம் அந்தக் குடியிருப்பு வழியாகவே வேலைக்கு வர ஆரம்பித்திருந்தார். எந்த வீடு காலியாக இருக்கிறது என்று பார்க்கத்தான்.

விருந்து வாரத்துத் திங்கட்கிழமைக்கு முன்பு யாரோ என் காதில் போட்டார்கள், பாக்கியத்துக்குக் காய்ச்சல், அதனால் நீங்கள் வெள்ளனே வருவதில்லை என்று. உங்களிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போனேன். சரளைக்கல் பாதையில் நடந்தால் சத்தம் கேட்டு நீங்கள் உஷாராகிவிடுவீர்கள் என்று புல்வெளிக்குக் குறுக்கே இறங்கினேன். காலுக்குக் கீழே புல் அப்பளம் போல் நொறுங்கியது. தெரிந்தேதான் நடந்தேன். எனக்கு ஆயிரம் புல்வெளி உண்டு, உங்களைப் பிடிப்பதுதான் அன்றைக்கு முக்கியம்.

மூடுபனிக்குள் நீங்கள் ஏற்கனவே வந்து வேலையில் இருந்தீர்கள். கீழ்க்கோடியிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தீர்கள். விரல் மடங்கவில்லை போலும், ஒரு கையை அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு மறு கையால் குழாயைப் பிடித்திருந்தீர்கள். பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வந்த வழியே திரும்பிவிட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் புல் காட்டிக் கொடுத்தது. நட்டநடுப் புல்வெளியில் போகும் தடம் ஒரு வரிசை, வரும் தடம் ஒரு வரிசை, காப்பிப் பொடி நிறத்தில். மறுநாள் விருந்து. நிர்வாக அதிகாரி வந்து சரளைப் பாதையில் நின்றுகொண்டு கத்தினார். வெறுங்கால் தடம் இல்லை, பூட்ஸ் தடம். பூட்ஸ் போட்டவன் எவன் என்று கேட்டார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். மேற்பார்வையாளரின் காலை யார் பார்ப்பார்கள்?

நீங்களாகவே பூட்ஸைக் கழற்றினீர்கள். அடிப்பாகத்தைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தீர்கள். போய் வைத்துப் பாருங்கள் என்று அதிகாரி எனக்கு உத்தரவிட்டார். நான் தடத்தின் மேல் உங்கள் பூட்ஸை வைத்தேன். முன்னால் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குருடனுக்கும் தெரியும். அதிகாரி ஈரத்தில் கால் வைக்கத் தயங்கித் தள்ளியே நின்றார்.

“பொருந்துதா?”

“பொருந்துது சார்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. பயந்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. என் கையெழுத்திட்ட உத்தரவு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் நடந்தேன், உங்களை உளவு பார்க்க நடந்தேன் என்று அத்தனை ஆட்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிகாரி உங்களிடம் திரும்பி, நீதானே என்றார். நீங்கள் என் காலைப் பார்த்தீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தீர்கள். தெரியலீங்க என்று மட்டும் சொன்னீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; அன்றைக்கு இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

அன்றே உங்கள் சீட்டைக் கிழித்தார்கள். பட்டியலில் உங்கள் பெயரை அடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள், அடித்தேன். கருகிய இடங்களைத் தோண்டி, பின்பக்கத்திலிருந்து புல்பத்தை வெட்டி வந்து பதித்தோம். மறுநாள் வந்த பெரிய மனிதர் தேநீர் குடித்தார், ஏரியைப் பார்த்தார், போனார். புல்லை அவர் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நீங்கள் பூம்பாறைக்குப் பூண்டு வயல் வேலைக்குப் போனீர்கள். தினம் வந்து போகப் பஸ் சார்ஜ் கட்டாது என்று அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று மட்டும் வீட்டுக்கு வருவீர்கள் என்று கேள்விப்பட்டேன். பாக்கியத்தை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை. புருசனை அனுப்பியாயிற்று, இவளை மட்டும் ஏன் என்று அலுவலகத்தில் கேட்டபோது, அந்தம்மா நல்ல வேலைக்காரி என்று சண்டை பிடித்தேன். அதைப் பெரிய பரிகாரமாக நினைத்துக்கொண்டேன். தினம் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். உங்கள் தோட்டத்துப் பேச்சில் அதற்குப் பெரட்டு என்று பெயர். பாக்கியத்தின் பெயரைக் கூப்பிட்டதும், இருக்கேனுங்க தொரை என்பார். ஒரு நாளும் என்னை முறைத்ததில்லை. பார், அவர்களுக்கு நம் மேல் வருத்தமே இல்லை என்று நெஞ்சைத் தடவிக் கொடுத்துக்கொள்வேன்.

நான்கு வருடம் கழித்துப் பூம்பாறை பஸ்ஸில் உங்களைப் பார்த்தேன். கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நீங்கள் என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தீர்கள், இடையிடையே இருமினீர்கள். டேலியாக் கிழங்கையெல்லாம் எடுத்து மணலில் வச்சாச்சுங்களா என்று விசாரித்தீர்கள். இப்போது சொல்லிவிடுவோம், இந்த வளைவில் சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு வளைவாகத் தள்ளிப்போட்டேன். பஸ் நின்றது. பாத்து எறங்குங்க தொரை என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்ததை நான் எனக்குச் சாதகமாகவே வைத்துக்கொண்டேன். மனிதன் என்றால் இவன் மனிதன், செய்தவனைக் காட்டிக் கொடுக்கவில்லை, மன்னித்துவிட்டான் என்று என் மனைவியிடம்கூட உங்களை யாரோ போலச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். யாருடைய கால் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று இங்கே இறங்கி வந்துவிட்டேன். போன மாதம் ஒரு ஜீப் டிரைவர் சொல்லித்தான் நீங்கள் போய்விட்டது தெரிந்தது. நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதம் என்றார். போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார். மறுநாளே மலையேறினேன்.

பாக்கியம் அதே ஒற்றை அறையில்தான் இருக்கிறார். இன்னும் பூங்காவில் வேலை, இன்னும் தினக்கூலி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பலகையைத் துடைத்துப் போட்டார். துக்கம் விசாரிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு சொல்லிவிட்டேன். அது என் கால், அவர் நடக்கவில்லை, பூட்ஸும் பொருந்தவில்லை, நான்தான் பொருந்துகிறது என்று சொன்னேன்.

“தெரியுமுங்க தொரை. அன்னைக்குத் திங்கக்கெழம வீட்டுக்கு வந்ததுமே சொன்னாரு. தொரை புல்லுல நடந்துட்டாரு, நாந் தண்ணியடிச்சுப் பாத்தேன், அது கருகத்தான் செய்யும், பாவம் யாரு கிட்டத் திட்டு வாங்கப் போறாரோன்னாரு.”

எனக்காக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக, அவர் தெய்வம், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றேன். பாக்கியம் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

“தெய்வமெல்லாம் இல்லைங்க. நாந்தான் சொல்ல வேணாமுன்னேன். ஒங்க பேரச் சொல்லியிருந்தா, மறுநா பெரட்டுல எம்பேரக் கூப்பிட்டிருப்பீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை விசாரிப்பது போலத்தான் கேட்டார். அவர் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

நீங்கள் மன்னித்தீர்கள் என்ற நினைப்பில் இத்தனை வருடம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது அந்த நினைப்பு இல்லை, அந்தக் கேள்விதான் இருக்கிறது. தினம் விடிந்ததும் அதுதான் முதலில் வருகிறது. பாக்கியத்திடம் சொல்லத் தைரியம் வராத பதிலை உங்களிடம் எழுதுகிறேன். கூப்பிட்டிருக்க மாட்டேன்.