மில்லிக்கனில் வழி தவறியவரின் பாட்டு

ரூஜ், ரொறன்ரோ
வைகாசி 28

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய றோசலின் மச்சாளுக்கு,

உங்கள் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். கட்டுக் கழற்றியாகிவிட்டதா? இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசிக்க வேண்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பேசி என்ன கண்டோம்? நீங்கள் அழுதீர்கள், நான் கத்தினேன், இரண்டு பேரும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டோம்.

அன்புராசா அண்ணை வருகிற கிழமை மன்னாருக்கு வருகிறார். உங்களிடம் கோள் மூட்டியவர் அவர்தானே, பதிலையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உறையைச் சுற்றி நன்றாக ரேப் ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் அவரிடமே கேளுங்கள்.

மகள் ஷரோன் சுகம். ஆஸ்பத்திரி வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். தகப்பனைப் பற்றி அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலிருந்து வந்து என்னோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். உங்கள் தம்பி லெஸ்லி ஓடிய ட்ரக்கைக் கொம்பனிக்காரர் வந்து எடுத்துப்போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது பக்கத்து வீட்டுக்காரன் தன் காரை விடுகிறான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அன்புராசா அண்ணை உங்களுக்குச் சொன்னது இதுதான்: லெஸ்லி போய் நாலு மாதம் ஆகவில்லை, பெண்சாதி பேர்ணடெற் பாரிலே மேடையேறி, தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளைக்காரரின் கன்ட்றி பாட்டுப் பாடப் போறா. அவர் சொன்னதில் நாலு மாதம் என்பது மட்டும் சரி.

பார் இல்லை, மச்சாள். டான்போர்த் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையின் பின்னறை. மேடையும் இல்லை, தொப்பியும் இல்லை. நடுவில் நாலு கதிரை போட்டு, பாட்டு எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பார்கள். சுற்றிவர ஒரு நாற்பது பேர் முழங்கால் இடிக்க இருந்து கேட்பார்கள். முறை வரும்போது, இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று முதலில் கதை சொல்லிவிட்டுத்தான் பாடவேண்டும். ஒரு சத்தம் இருக்காது. நற்கருணை எழுந்தேற்றத்தின்போதுகூட நம் கோயிலில் அவ்வளவு அமைதி கிடையாது.

உங்கள் தம்பி என்னை முதல் தடவை அங்கே கூட்டிப்போனபோது, இடையில் பசிக்குமே என்று மீன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பெண் தன் தகப்பனைப் பற்றி உருகிப் பாடிக்கொண்டிருக்க, நான் ஃபொயில் தாளைப் பிரித்தேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. உங்கள் தம்பி என்னை முன்பின் தெரியாத ஆள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அந்த ரோல்ஸ் முழுவதையும் தின்று முடித்தவரும் அவர்தான்.

கன்ட்றி பாட்டுப் பைத்தியம் அவருக்குக் கனடாவில் பிடித்தது என்று நீங்கள் சொல்ல முடியாது. அடுப்படியில் நின்றுகொண்டு றேடியோவில் இங்கிலீஸ் சேவை கேட்டது யார்? உங்கள் காலடியில் இருந்து கேட்ட பொடியன்தான் பிறகு ட்ரக்கில் அமெரிக்கா முழுக்க அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

நாங்கள் எழுதிய பாட்டு எதைப் பற்றியது என்று அன்புராசா அண்ணை கேட்கவும் இல்லை, உங்களுக்குச் சொல்லவும் இல்லை. நான் சொல்கிறேன். ரெக்சஸ் வரை ட்ரக் ஓடி, ஒரு திருப்பம் தவறாமல் வீடு வந்து சேருகிற மனுசன், சனிக்கிழமை மீன் வாங்கப் பக்கத்திலே இருக்கிற மில்லிக்கனுக்குப் போனால் தொலைந்துபோவார். பிளாசாக் கடைத்தொகுதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். போனில் வழி சொல்லும் பெண்ணையும் பேசவிட மாட்டார், எனக்கு வீட்டிலை ஒருத்தி வழி சொல்லுறது காணும் என்பார். கடைசியில் எங்காவது காரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு, பேர்ணா, நான் எங்கை நிக்கிறன் என்று கேட்பார். வீட்டில் நிற்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? முன்னால் என்ன கடை தெரிகிறது என்று நான் கேட்க, நகைக்கடை, பல் வைத்தியர், கொத்து ரொட்டிக்கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். உதிலையே நில்லுங்கோ, நான் வாறன் என்று சொல்லிவிட்டு மற்றக் காரை எடுத்துக்கொண்டு போவேன். நான் முன்னால் ஓட, உங்கள் தம்பி பின்னால் சமத்தாக வருவார்.

அதைத்தான் பாட்டாக்கினோம். சொல் என்னுடையது, மெட்டு அவருடையது. மற்றதெல்லாம் இங்கிலீஸ், ஆனால் அவர் கேட்கிற கேள்வியையும் என் பதிலையும் தமிழிலேயே விட்டோம். வேகமான, துள்ளிக்கொண்டு போகிற பாட்டு. சமையலறையில் பாடிப் பழகியபோது ஒருநாளாவது அவர் சிரிக்காமல் முடித்ததில்லை. அந்தக் கடையின் ஆனி மாத நிகழ்ச்சியில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கதிரை தருவதாகத் தை மாதம் பதில் வந்தது. மாசியில் அவர் போய்விட்டார்.

ஷரோன் பாடட்டும் என்றீர்கள். அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எழுதியவர்தான் பாடவேண்டும். வேறு யாருக்கு எவ்வளவு நல்ல குரல் இருந்தாலும் அந்தக் கதிரையில் இருக்க விடமாட்டார்கள். எழுதிய இரண்டு பேரில் மிஞ்சியிருப்பவள் நான்.

அப்படியென்றால் வருசம் முடியும்வரை பொறு என்றீர்கள். அதுதான் என்னால் முடியாது, மச்சாள். பாத்திரம் கழுவும்போது அந்தப் பாட்டை வாய்க்குள் பாடிப் பார்க்கிறேன். கிழமைக்குக் கிழமை அது மெதுவாகிக்கொண்டே போகிறது. நான் வேண்டுமென்று இழுக்கவில்லை, அது தானாக இழுபடுகிறது. அடுத்த மாசி வருவதற்குள் அது செத்தவீட்டுப் பாட்டாகிவிடும். அதற்குப் பிறகு பாடி என்ன, பாடாமல் விட்டு என்ன?

உங்களோடு மட்டும்தான் எனக்குச் சண்டை என்று நினைக்கவேண்டாம். அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர் மாக்கஸ் என்று ஒருவர், தண்ணீர்க்குழாய் வேலை செய்கிறவர், நல்ல மனுசன். உங்கள் தம்பிக்குப் பதிலாகத் தான் கிற்றார் வாசிக்கிறேன் என்று அவராகவே முன்வந்தார். போன கிழமை பாடிப் பார்த்தோம். கடைசி வரி என்னுடையது, உதிலையே நில்லுங்கோ, நான் வாறன். அந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. அழுதேன், உங்களிடம் மறைத்து என்ன? மாக்கஸும் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, இதை மெதுவாகப் பாடுவோம், அவர் இறந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அறை முழுக்க அழும் என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசன் சிரிக்க வைக்கவென்று செய்த பாட்டு அது. அவர் கண்ணை மூடியதும் அதை ஒப்பாரி ஆக்குவதற்கு இவர் யார், நான்தான் யார்? நீங்கள் பாடவே கூடாது என்கிறீர்கள், அவர் அழுதுகொண்டு பாடு என்கிறார். புருசன் செத்தவள் சிரித்துக்கொண்டு பாடுவது உங்கள் இரண்டு பேருக்குமே பொறுக்கவில்லை.

மாக்கஸிடம் சொல்லிவிட்டேன். லெஸ்லி வாசித்த அதே வேகம்தான். கதை சொல்லும்போது அவர் மில்லிக்கனில் தொலைந்ததைச் சொல்வேன், செத்ததைச் சொல்லமாட்டேன். சம்மதமில்லை என்றால் கிற்றார் வேண்டாம், கையைத் தட்டிக்கொண்டு பாடுவேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சரி என்றார். இப்போது வேகம் பிசகாமல் வாசிக்கப் பழகுகிறார்.

நான் துக்கம் காக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கலியாண வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாஸ்காத் திருநாளுக்குப் பலகாரம் சுடவில்லை. அன்றைக்கும் கறுப்புச் சட்டையோடுதான் போவேன், அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் வருச நினைவுப் பூசைக்கு மன்னாருக்கு வந்தால் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சொன்னீர்களே, அது எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பூசையில் நான் எப்படி முழங்காலில் இருப்பேன்? நானும் ஷரோனும் மாசியில் கட்டாயம் வருவோம். நீங்கள் கதவைப் பூட்டினால், திறக்கும்வரை வாசற்படியில் இருப்போம்.

உங்களிடம் உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை. பாடத்தான் போகிறேன். ஆனால் பயமாக இருக்கிறது, மச்சாள். இதுவரை ஒருமுறைகூட அந்தக் கடைசி வரியை அழாமல் பாடி முடிக்கவில்லை. மாக்கஸிடமும் ஷரோனிடமும் முடியும், முடியும் என்று வாய்கிழியச் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம்தான் உண்மையைச் சொல்கிறேன்.

ஆனி மாதம் மூன்றாம் சனிக்கிழமை. இங்கே நாங்கள் தொடங்கும்போது அங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருக்கும், நீங்கள் முதற்பூசைக்குப் போயிருப்பீர்கள். நாள் தவறாமல் உங்கள் தம்பியின் ஆத்துமத்துக்காக மன்றாடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருநாள் அவர் பொறுத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும், அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் என்று மன்றாடுங்கள். அவர்கள் சிரித்தால் நான் அந்த வரியைத் தாண்டிவிடுவேன்.

இன்றைக்கும் உங்கள் தம்பி பெண்சாதியான,
பேர்ணடெற்