விதை விழாத ஆண்டு

ஜூன் 11

காலையில் ஸ்டானேயோடு ஸ்நேஷ்னிக் காட்டுக்குப் போய், போல்ஹ்கள் கூடுகட்ட மரங்களில் கட்டியிருக்கும் பெட்டிகளைப் பார்த்து வந்தேன். போல்ஹ்கள் குளிர்காலத் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டன. வால் மட்டும் அணில், மற்றபடி சாம்பல் எலிதான். அவை விதை தின்று கொழுக்கும் காட்டு பீச் மரங்கள் வசந்தத்தில் அப்படிப் பூத்திருந்தன. பூத்தால் விதை, விதை என்றால் குட்டிகள். அவற்றின் எண்ணிக்கையைக் கணிக்க நான் எழுதிய சமன்பாடுகளும் அதையேதான் சொல்கின்றன. இந்த இலையுதிர் காலத்தில் காடு கொள்ளாது என்று வேட்டைக்காரர் சங்கத்துக்குச் சொல்லிவிட்டேன்.

ஸ்டானே ஆயுள் முழுக்க இவற்றை வேட்டையாடியவர். நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுங்கள மேய்க்கிறவன் சாத்தான், மெட்கா. அவனை உன் கணக்குல எங்க போட்டிருக்கே?" என்றார். அவனுக்கு இடமில்லை என்றேன்.

ஜூன் 19

கரு தங்கிவிட்டது. உறையவைத்திருந்த கருக்களில் இதுதான் கடைசி. எனக்கு நாற்பத்தொன்று. இது போனால் இனி இல்லை, அவ்வளவுதான். என் கணவன் கோராஸ்த் அழுதுவிட்டு, அழவில்லை என்று சாதிக்கிறான்.

ஜூலை 8

பெட்டிகள் காலி. ஜோடி சேரவேண்டிய மாதம் இது. ஸ்டானே ஒரு பொந்தருகே குனிந்து பார்த்துவிட்டு, எல்லாம் மறுபடி மண்ணுக்குள் தூங்கப் போய்விட்டதாகச் சொன்னார். நடுக்கோடையில்! வழக்கமாக அந்தி சாய்ந்தால் காடே கரகரக்கும். இன்று எங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

ஜூலை 15

பழைய ஆண்டுகளின் குட்டி எண்ணிக்கைகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். வெயில், மழை, பூ — எதைக் கொடுத்தாலும் கோடு புள்ளிகளை விட்டு விலகுகிறது. எரிச்சலில், அந்தந்த ஆண்டு பின்னால் அக்டோபரில் விழுந்த விதையின் அளவை எடுத்து ஜூலைச் சமன்பாட்டில் வைத்தேன். கோடு எல்லாப் புள்ளிகளின் மேலும் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜூலையில் விதையே இல்லையே. விதை வராது என்று அந்தத் தாய் போல்ஹ்களுக்கு முன்கூட்டியே யார் சொல்லியிருக்க முடியும்?

ஜூலை 16

எங்கோ தப்பு செய்திருக்கிறேன். தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 24

சாலையில் அடிபட்டுக் கிடந்த பெண் போல்ஹ் ஒன்றை ஸ்டானே கொண்டுவந்தார். ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் வெஸ்னா அறுத்துப் பார்த்தாள். கருப்பையில் வரிசையாகக் கரும்புள்ளிகள்.

"கரு தங்கியிருக்கு. அப்புறம் உடம்பே அதைக் கரைச்சுக்கிச்சு," என்றாள், மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் குரலில். என் விஷயம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் சமன்பாட்டில் அந்தக் கரும்புள்ளிகளுக்கும் ஓர் எழுத்து இருக்கிறது, கழித்தல் குறியோடு.

வீட்டில் சொன்னபோது கோராஸ்த், "நீ என்ன எலியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

ஆகஸ்ட் 22

ஸ்டானே ஒரு கிளையை வளைத்து, பீச் காய்களைக் கத்தியால் பிளந்து காட்டினார். ஓடு இருந்தது, உள்ளே பருப்பு இல்லை. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அவ்வளவு பூத்த மரங்கள்.

என் பேச்சை நம்பி ஆட்கள் பொறிகளைத் துடைத்து வைத்திருக்கிறார்களாம். அவர் கோபப்படவில்லை. "அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல," என்றார்.

அப்படியானால் அந்தக் கோடு தப்பில்லை.

ஆகஸ்ட் 27

ஸ்கேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. துடிப்பு நின்று மூன்று வாரம் ஆகியிருக்குமாம். வலியோ ரத்தமோ இல்லாததால் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றார்.

தெரியல. எனக்குத் தெரியவே தெரியல.

ஆகஸ்ட் 29

மருத்துவமனையிலிருந்து வந்தாயிற்று. கோராஸ்த் சூப் வைத்தான். இருவரும் குடிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"நான் அவசரப்பட்டு வாங்கிப் போட்ட தொட்டிலை மூணு வாரம் முன்னாடி நீதான் பிரிச்சு மேல கொண்டுபோய் வெச்சே. தூசி படியுதுன்னே. எனக்கு பயமா இருந்துச்சு, ஏன்னு கேக்கல," என்றான்.

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சட்டங்களை அடுக்கி, திருகாணிகளை ஒரு பையில் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. நான் போடுகிற முடிச்சுதான்.