உன் அப்பா விசாரணையில் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், பேத்திக்குச் சளி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகர மாட்டேன் என்கிறது. தம்பிக்கு விரலில் சின்னக் காயம் என்று போனில் சொன்னோமே, அது சின்னக் காயம் இல்லையம்மா. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். போனில் சொன்னால் உடைந்துபோவேன், அவனும் பக்கத்திலேயே இருக்கிறான், அதனால்தான் கடிதம். குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ கல்யாணமாகிப் போனபோது கார் கம்பெனி இருக்கும் இடம் வெறும் முள்காடு. இப்போது வந்தால் நம் தெருவே உனக்கு அடையாளம் தெரியாது. வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, நம் வீடு உட்பட எல்லா வீட்டின் மேலும் ஒரு மாடி முளைத்துவிட்டது, எதிர்வீட்டுத் தையல்காரி காருக்கு சீட் உறை தைக்கிறாள், அவள் வீட்டுக்காரர் ஷிப்ட் ஆட்களை வேனில் ஏற்றிப் போகிறார். தெருவில் ஒருத்தரிடமும் கார் கிடையாது, ஆனால் எல்லார் வீட்டு அடுப்பும் காரால்தான் எரிகிறது. அப்பா சூப்பர்வைசராக இருந்த பட்டறை அந்தக் கம்பெனிக்குக் கதவுத் தகடு அடித்துக் கொடுக்கிறது, தம்பிக்கும் அங்கேயே தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷினில் வேலை. அந்த மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டாம், கை குறுக்கே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். புது மாடலுக்கு ஆர்டர் குவிந்ததும், சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறது என்று பட்டறை மேனேஜர் அதை அணைக்கச் சொல்லிவிட்டார். “பசங்க கை சார்” என்று அப்பா போய்க் கேட்டிருக்கிறார். “இந்த லோடு போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றாராம். அடுத்த வாரமே ஒரு தகடு கோணலாக உட்கார, நேராக்கக் கை நீட்டியவன் தம்பி.

கார் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். “பையன் அசந்துட்டான்னு சொல்லிடுங்க, அவனுக்கு ஆபீஸ்லயே வேலை போட்டுத் தரேன், இல்லைன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும், உங்க தெருவே பட்டினி கிடக்கும்” என்றார். மிரட்டுகிற முகமாகவும் இல்லை, பயந்த முகம்தான். அவர் போனதும் தம்பி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் அசரலப்பா” என்றான், அவ்வளவுதான். மறுநாள் அப்பா எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிட்டார், அணைக்கச் சொன்னது மேனேஜர், ஸ்விட்சை அணைத்தது தன் கை என்று. எனக்கும் தம்பிக்குமே அன்றுதான் தெரியும்.

மேனேஜருக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் வேலை போனது. பாதி ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது, ஒரு ஷிப்ட் நின்றது, மாடியில் இருந்த பையன்கள் காலி செய்தார்கள். வேனுக்கு ஓட்டம் இல்லை. “உங்க வீட்டு நியாயத்துக்கு எங்க பிள்ளைங்க வயிறு ஏங்க்கா காயணும்?” என்று தையல்காரி வாசலில் நின்று கேட்டாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. டீக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால் அவர் போவதில்லை. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம், தம்பி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் வீட்டைத் தின்றது. கோபமா என்று கேட்டேன், “கோபம் இல்லம்மா, என்ன பேசறதுன்னு தெரியல” என்றான்.

நேற்று சாயங்காலம் தம்பியின் மெஷினில் இப்போது நிற்கிற பையன் வந்தான். உள்ளே வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு, “சார், இப்ப திரை போட்டிருக்காங்க சார், இன்னிக்கு என் கை குறுக்க போச்சு, நின்னுடுச்சு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளிருந்து தம்பி எழுந்து வந்தான். “தகடு இன்னும் கோணலாத்தான் உட்காருதாப்பா?” என்று கேட்டான். அந்தப் பையனிடம் அதைக் கேட்கவில்லையே என்று அப்பா தலையை ஆட்டினார்.

நீ டிக்கெட் எடுத்து ஓடி வராதே. போன் செய்தால் தம்பியை வழக்கம்போலத் திட்டு, எல்லாரும் மெதுவாகப் பேசுவது அவனுக்கு அலுத்துவிட்டது. அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேள், வேறு எதுவும் வேண்டாம். குளிரில் பேத்தியின் காதை மூடிவிட மறக்காதே. உன் குடும்பம் கையும் காலும் குறையில்லாமல் நெடுநாள் வாழட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா