கைவேலைக் கதவுகள்

மார்ச் 4, செவ்வாய்

இயந்திரம் வந்துவிட்டது. லாரியிலிருந்து இறக்கி வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே நுழையவில்லை. கதவு செய்கிற பட்டறை. அதன் கதவே போதவில்லை. முதலாளி இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நிலையைக் கழட்டிடுங்கப்பா."

தச்சர்கள் ஆறு பேரும் சேர்ந்து கழற்றினோம். நானும் மச்சினனும் ஒரு காலத்தில் பொருத்திய நிலை. ஒரு சிராய் பெயராமல் எடுத்துச் சுவரில் சாய்த்தோம். மச்சினன் என் மனைவியின் தம்பி. எனக்குப் பக்கத்து மேசையில் வேலை. அவன்தான் சொன்னான்: "மாமா, நம்மள வெளிய அனுப்ப வர்றவருக்கு நாமளே வழி விட்டு நிக்கிறோம். ஒரு சல்யூட்தான் பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 6, வியாழன்

மகள் கணக்கியல் படிக்கிறாள். சாப்பிடும்போது போனை நீட்டினாள். எந்தெந்த வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொள்ளும் என்று ஏதோ ஓர் இணையதளத்தில் போட்டிருக்கிறார்களாம். வேலையின் பெயரை அடித்தால் ஒரு கோடு வருகிறது. சிவப்பு என்றால் ஆபத்து.

"தச்சருக்குப் பச்சைப்பா. கைத்திறன் வேணுமாம். அதனால ஒண்ணும் ஆகாதாம்."

"உன் படிப்புக்கு?"

"அதை விடுங்கப்பா. சாப்பிடுங்க."

எந்தத் தச்சனைக் கேட்டு அந்தக் கோட்டை இழுத்தார்கள்? கைத்திறன் வேண்டுமாம். யாருக்கு வேண்டும்? அதையும் போட்டிருக்கலாமே.

மார்ச் 19, புதன்

ஐந்து பேரை நிறுத்திவிட்டார்கள். மச்சினனும் அதில் ஒருவன். முதலாளி சொன்னது: "வேலை இல்லைன்னு நான் சொல்லலையே. இங்க இல்லைன்னுதான் சொல்றேன்." ஏதோ பெரிய ஆறுதல் சொல்லிவிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

என்னை மட்டும் வைத்திருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை.

மச்சினன் உளிகளைச் சாக்கில் சுற்றிக் கட்டினான். "நீங்க இருங்க மாமா. மெஷினைத் துடைச்சு விடவும் ஒரு ஆள் வேணும்ல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வீட்டில் மனைவி தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், சமையலறைக்குள் போய்விட்டாள். தம்பி போன் செய்திருக்கிறான் என்று தெரிந்தது. நானா அவனை அனுப்பினேன்? நானா?

ஏப்ரல் 2, புதன்

என்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று இன்று தெரிந்துவிட்டது.

புதிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கதவுகள் போகின்றன. விலைப்பட்டியலில் 'கைவேலை' என்று போட்டிருக்கிறார்கள். இயந்திரத்திலிருந்து வருகிற கதவோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. வடிவமைப்பாளர் அம்மா வந்து தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கே. கை பட்ட மாதிரி தெரியணும். மேல முழுக்க உளித்தடம் வேணும்."

"கை பட்டது தெரியக் கூடாதுன்னுதானேம்மா நாங்க தொழில் கத்துக்கிட்டது."

"அதே கைதானே? இப்பத் தெரியற மாதிரி போடுங்க."

முதலாளி பெரிதாகச் சிரித்தார். நான் உளியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

தடம் தெரிந்தால் என் வாத்தியார் பலகையைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிடுவார், மறுபடி இழை என்று. இத்தனை வருடம் இழைத்து இழைத்து மறைத்ததை இப்போது கூலிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மெஷின் வேலையை மெஷின் வேலைன்னு சொல்லி விக்கறதுக்கு என்ன கேடு?

ஏப்ரல் 3, வியாழன்

இன்று முழுவதும் நல்ல கதவுகளைக் கெடுத்தேன். பிரமாதம் என்றார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் என் மேசைக்கு மேலே ஒரு சட்டத்தில் கேமரா மாதிரி ஏதோ மாட்டியிருந்தார்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவர் நல்ல மனிதர், என் வயதுதான் இருக்கும். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கண்ணே" என்றார்.

"இது எதுக்கு?"

அவர் சங்கடப்பட்டார். "உங்க தடத்தோட ஆழம், சாய்வு எல்லாத்தையும் எடுத்துக்கும். அடுத்த லோடுலேர்ந்து மெஷினே போட்டுரும்."

நான் இடக்கைக்காரன். என் தடம் சாய்கிற பக்கமே வேறு. அதுகூட அப்படியே வருமாம். இதை மட்டும் பெருமையாகச் சொல்கிறார்!

ஆத்திரத்தில் ஒரு தட்டு கூடுதலாக விழுந்துவிட்டது. பூட்டு வருகிற பக்கத்துச் சட்டத்தில், பிடிக்குச் சற்றுக் கீழே, உளி வழுக்கி வளைந்து இழுத்துக்கொண்டு போனது. நகத்தால் கீறியது போல. என் கையில் இப்படி நடந்து எத்தனையோ காலம். இழைப்புளியை எடுத்தேன்.

"ஐயோ, தொடாதீங்க," என்று வடிவமைப்பாளர் அம்மா ஓடி வந்தார். "அதுதான் அழகு."

அழகாம். இழைத்தால் நொடியில் போயிருக்கும். விடவில்லை.

மே 9, வெள்ளி

அந்தக் கட்டடத்துக்குக் கீல் சரிபார்க்க அனுப்பினார்கள். முதல் மாடி, முதல் வீடு. பிடிக்குக் கீழே என் வழுக்கல். அடுத்த வீடு, அதே இடம், அதே வளைவு. மாடிப்படி ஏறினேன். அங்கேயும். அதற்கு மேலும். ஒருவன் ஒரு தடவை செய்த தப்பை எத்தனை தடவை செய்ய முடியும்? நான் தூங்கும்போதும் பட்டறையில் இயந்திரம் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

மேல்மாடியில் ஓர் அம்மா கதவைத் திறந்து என்னிடமே காட்டினார். அந்தக் கீறலின் மேல் விரலை ஓட்டினார். "பாத்தீங்களாண்ணா? தச்சருக்குக் கை வழுக்கியிருக்கு. இதுக்காகவே இந்தக் கதவு எனக்குப் பிடிச்சுது. யாரோ ஒருத்தர் நமக்காக உக்காந்து செஞ்சிருக்காங்கன்னு தெரியுதுல்ல?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"எதிர் வீட்டுக் கதவையும் பாருங்கம்மா."

பார்த்தார். தன் கதவைப் பார்த்தார். மறுபடியும் எதிர்க் கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

மே 12, திங்கள்

முதலாளிக்குப் புகார் போயிருக்கிறது. "உன் வாய் சும்மாவே இருக்காதா?" என்று ஆரம்பித்தார். வழுக்கலை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்.

"எல்லாக் கதவுலயும் ஒரே மாதிரி இருக்கறதுதானே பிரச்சனை? பத்து விதமா வழுக்கிக் குடு. மெஷின் மாத்தி மாத்திப் போட்டுரும்."

"முதலாளி, வழுக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற பட்டறை ஊர்ல இது ஒண்ணாத்தான் இருக்கும்."

"வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். மகள் படிக்கிறாள். உளியை எடுத்தேன்.

மே 13, செவ்வாய்

கை கேட்கவில்லை.

உண்மையாகவே முயன்றேன். வேறு பக்கம் பார்த்தபடி தட்டினேன். உளியைத் தளரப் பிடித்தேன். அது போகிற இடத்துக்குத்தான் போகிறது. வழுக்க வேண்டிய இடத்தில் கை தானாக நின்றுவிடுகிறது. பிடிவாதமாக இழுத்துவிட்ட சில கீறல்களை வடிவமைப்பாளர் அம்மா குனிந்து பார்த்தார்.

"நடிப்பு மாதிரி இருக்கு," என்றார்.

நடிப்புதான். வேறென்ன?

மே 16, வெள்ளி

என்னையும் நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் என் வேலையைச் செய்யும் என்பதற்காக இல்லை. என்னால் சரியாக வழுக்க முடியவில்லை என்பதற்காக. இதை மகள் காட்டிய அந்த இணையதளத்தில் என்ன கலரில் போடுவார்கள்?

மே 18, ஞாயிறு

மனைவி தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சாயங்காலம் அவனே வந்தான். மார்ச்சிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறாதவன். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

"வழுக்கத் தெரியலைன்னா அனுப்பினாங்க?"

"ஆமாடா."

"முப்பது வருஷ சர்வீஸ்ல?"

"ஆமாங்கறேன்ல."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

போகும்போது சொன்னான்: "அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க மாமா."

"எதைச் சொல்ற?" என்றேன். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 18, புதன்

மச்சினன் வீடு வீடாகப் போய் அலமாரி, ஜன்னல் எல்லாம் சரிசெய்கிறான். கொஞ்ச நாளாக நானும் போகிறேன். நேற்று அதே அடுக்குமாடியில் அவனுக்கு வேலை. மேல்மாடி அம்மா கூப்பிட்டுக் கேட்டாராம், கதவில் அந்தக் கீறலை மட்டும் எடுக்க முடியுமா என்று. வெளியே போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறதாம். எதிர் வீட்டுக் கதவு தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கிறதாம்.

"அதைச் செஞ்சவரே எங்க மாமாதான், கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்," என்றான். வெட்கங்கெட்டவன்.

இன்று போனோம். கதவைக் கழற்றி நடையில் இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தினோம். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். நான் பூட்டுப் பக்கத்துச் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை இழைத்தேன். வழுக்கல் முதலில் மெலிந்தது, பிறகு ஒரு நிழலாக இருந்தது, பிறகு இல்லை. பக்கத்திலிருந்த தடங்களும் போயின. இந்தத் தடவை நிறுத்தச் சொல்ல யாரும் ஓடி வரவில்லை.

எதிர் வீட்டுக்காரர் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்று பார்த்தார். அந்த அம்மா வந்து சட்டத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டினார்.

"இங்க கையில ஒண்ணுமே தட்டுப்படலையே," என்றார்.

நான் சீவல்களைக் கூட்டி அள்ளினேன். மச்சினன் கதவை மாட்டிக்கொண்டே மாடிகளை எண்ணினான். "மாமா, நீங்க ஒரு தடவை வழுக்கினதுல நமக்கு வருஷக்கணக்குல வேலை இருக்கும் போலிருக்கே." வாயை மூடு என்றேன்.

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. பட்டறையில் இந்நேரமும் இயந்திரம் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

இழைப்புளி மழுங்கியிருந்தது. தீட்டி வைத்தேன். நாளை எதிர் வீடு.