லங்காவிக் கடற்கரையில் நான் முதலில் பார்த்தது

என் உயிரான கஸ்தூரி அக்கா,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் திதி கொடுத்தோம். மாமா இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், மூன்றாவது வேளைக்கு உன்னைக் கேட்டு அடம்பிடிக்கிறார். பட்டுப்புடவைக் கடை ஓடுகிறது.

இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. லங்காவியைப் பற்றிப் பேச வேண்டும். நீ இருக்கும்போதே பேசியிருக்க வேண்டிய பேச்சு. ஊர் வாயெல்லாம் எனக்கு உண்டு, இதற்கு மட்டும் துப்பில்லாமல் போய்விட்டது.

நான் டிஜிட்டல் கேமரா வாங்கிய வருஷம், நம் இரண்டு குடும்பமும் மலேசியா டூர் போனோமே. லங்காவித் தீவில் கடலோரமாகக் குதிரைச் சவாரி என்று ஓட்டலில் போர்டு வைத்திருந்தார்கள். ஆரணியில் மாப்பிள்ளை ஊர்வலக் குதிரையைத் தவிர வேறு குதிரை பார்க்காத நீ, அன்றைக்கு ஏறியே தீருவேன் என்று நின்றாய். அதற்காகவே நாற்பத்தாறு வயதில் முதல்முதலாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, மாமா முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாய்.

நான்தான் கெடுத்தேன். "சுடிதார்ல ஏறினா அந்த போட்டோ எதுக்குக்கா ஆவும்? அந்த மாம்பழக் கலரு பட்டக் கட்டிக்கோ. கடையில பெருசா மாட்டலாம்."

பட்டு விற்கிற நம் ஆட்களுக்கு எங்கே போனாலும் இதே புத்திதானே? கல்யாணமோ கோயிலோ, புது டிசைன் நம் வீட்டுப் பெண்கள் மேல் ஏறித்தான் ஊரைச் சுற்றும். "குதிர மேல பட்டா? உன்னோட ஒரே பேஜாருடா" என்றாய். ஆனாலும் போய் மாற்றிக்கொண்டு வந்தாய். நான் கேட்டு நீ எதை மறுத்திருக்கிறாய்?

குதிரையை நடத்தி வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். "புடவையோட வேணாமே அண்ணே, காலுல மாட்டிக்கும்" என்று அவர் சொன்னார். "ஒண்ணும் ஆவாது, மெதுவா நடத்திகினு போங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ ஏறினாய். "என்னாங்க, பாத்துகினே இருங்க, அந்தப் பாறை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினாய். உன் கல்யாணத்தன்று கூட உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

பாதி தூரத்தில் ஒரு அலை வந்து காலில் அடிக்க, குதிரை சட்டென்று ஒதுங்கியது. கொசுவம் மாட்டி நீ ஈர மணலில் விழுந்தாய்.

எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி வந்தவன் நான்தான். வந்து என்ன கேட்டேன்? "ஐயய்யோ, பார்டரு கிழிஞ்சிடுச்சா?" முந்தானையை எடுத்து வெயிலில் பிடித்து ஜரிகையைப் பார்த்தேன் அக்கா. நீ கீழே கிடக்கிறாய். "அண்ணே, மொதல்ல அக்காவத் தூக்குங்க!" என்று அந்த மனிதர் அதட்ட வேண்டியிருந்தது. வெட்கங்கெட்டவன் நான்.

நீ மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இன்னும் பாதி தூரம் கீதே, மறுபடியும் ஏத்தி வுடுங்க" என்று கேட்டாய். "போதும் வாக்கா, உப்புத்தண்ணி பட்டு ஜரிகை கறுத்துடும்" என்றேன். அந்தப் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு என்கூட நடந்து வந்தாய். இடது கை மணிக்கட்டில் விரிசல் என்பது ஊருக்கு வந்து மாவுக்கட்டுப் போடும்போதுதான் தெரிந்தது.

அப்புறம் நீயே அதை விசேஷத்துக்கு விசேஷம் கதையாக்கிவிட்டாய். "குதிர தள்ளுனது கூட வலிக்கல, என் தம்பி பார்டரத் தடவிப் பாத்தான் பாரு!" எல்லோரும் சிரிப்பார்கள். அதிலும் என் சத்தம்தான் பெரிது. சிரித்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன் போல.

கடைசியாக நீ படுத்திருந்த வேலூர் ஆஸ்பத்திரியில், அதே மணிக்கட்டில் ஊசி ஏற்ற வந்த நர்ஸிடமும் சொன்னாய். அந்தப் பெண் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாய். என்ன எதிர்பார்த்தாய் அக்கா? ஒரு வார்த்தையா? நானோ, "அத வுடுக்கா, இன்னும் அதயே சொல்லிகினு கீறியே" என்றேன். "சரிடா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

போன வாரம் திதிச் சாப்பாடு முடிந்ததும் யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். "சிரிக்காதீங்க" என்று நான் எழுந்துவிட்டேன். "எங்கக்கா ஆசையா ஏறுச்சு. நான்தான் பாதியில எறக்கிட்டேன்." கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

உன் பெண் சுமதி பின்னாலேயே வந்தாள். "மாமா, அம்மா அதுக்கப்புறம் எந்தக் கடலுக்குப் போனாலும் இங்க குதிர இருக்கான்னுதான் மொதல்ல கேக்கும். இருந்தாலும் ஏறாது. உங்கள விட்டுட்டு ஏறக்கூடாதாம்" என்றாள்.

எனக்கு இது தெரியவே தெரியாது. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மெரினா. அங்கே வரிசையாகக் குதிரை நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்த எனக்கு மனசு வரவில்லையே!

இனி என் எதிரே யார் விழுந்தாலும், மேலே எதைக் கட்டியிருந்தாலும், ஆளைத்தான் முதலில் தூக்குவேன். உன்மேல் சத்தியம். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். கை ரொம்ப வலிச்சுதா அக்கா?

உன் கூடப்பிறந்த,
தம்பி