ஏழு நிமிடம் முன்னால்

என் கைக்கடிகாரத்தின் சாவித் திருகு இன்று காலை கையோடு கழன்று வந்துவிட்டது. லஸ் முனையருகே மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருக்கும் கடிகாரக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைத் திறந்ததும் எண்ணெய் வாசனை வந்தது. உங்கள் சைக்கிள் சங்கிலியின் வாசனையைவிட மெல்லியது. ஆனாலும் நினைவு அங்கேதான் போயிற்று.

"கீ மாத்திடலாம்மா. ஆனா டைம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடிக்கினு கீது. கரெக்ட் பண்ணிடட்டா?"

"அஞ்சு மணிக்கு வந்து சொல்றேன்."

"இதுக்கு இன்னாம்மா யோசனை?"

கடிகாரத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

நம் வீட்டுக் கடிகாரங்கள் மூன்றும் ஏழு நிமிடம் முன்னால் ஓட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத உங்களுக்காகப் போட்டது. கான்வென்டில் மணி அடித்ததும் மதர் கதவைச் சாத்திவிடுவார். பிறகு வருகிறவள் யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் வெளியில்தான். அப்படி வளர்ந்த எனக்கு நீங்கள் வாய்த்தீர்கள். ஐந்து நிமிடம் என்றால் சுலபமாகக் கழித்துக்கொள்வீர்கள், ஏழு என்றால் சோம்பல்படுவீர்கள் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் ஏழையும் கழிக்கக் கற்றுக்கொண்டீர்கள். என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கிய பிறகு, காலையில் சாவி கொடுப்பது உங்கள் வேலையாயிற்று. உங்கள் கடிகாரத்தையும் என்னுடையதையும் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "மூணும் ஒரே பேச்சு, டீச்சரம்மா" என்பீர்கள்.

ஓய்வு பெற்று மூன்றாவது வருடம் அந்தக் குண்டு டயர் கியர் சைக்கிளை வாங்கி வந்தீர்கள். பேரனுக்கு என்று தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். நமக்குப் பேரன் இல்லை என்பதைக்கூட மறந்துவிட்டார்கள். சைக்கிள் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஏற்காட்டு மலைப் போட்டிக்கு விண்ணப்பம் போட்டீர்கள். காப்பித் தோட்டங்களுக்குள் மண்பாதையில் எண்பது கிலோமீட்டர். நடத்துகிறவர்கள் போன் செய்தார்கள். "சார், வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. பதினாறைத் திருப்பி எழுதிட்டீங்களா?"

"திருப்பித்தான் எழுதணும்னு ஆசை. முடியல தம்பி" என்றீர்கள்.

மலை இல்லாத ஊரில் மலை ஏறப் பழகினீர்கள். விடிவதற்கு முன்பு ஜெமினி மேம்பாலத்தில் இருபது தடவை ஏறி இறங்குவீர்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் மூன்று நாள் பார்த்துவிட்டு நிறுத்திக் கேட்டாராம். "இன்னா சார், ஏறிக்கினும் எறங்கிக்கினும் கீற? எதுனா தொலைச்சிட்டியா?" மலை ஏறப் பழகுகிறேன் என்றதற்கு, "வூட்ல சொல்லிட்டு வந்தியா நைனா?" என்றாராம். அதை நடித்துக் காட்டிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. பழைய பூப்பந்து நிஜாரில் கச்சேரி சாலை வழியாக வீட்டுக்கு வந்தீர்களே என்று எனக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலவாக்கம் வரை கடற்காற்றுக்கு எதிராக மிதித்தீர்கள். எதிர்க்காற்றுதான் நம் ஊர் மலை என்பது உங்கள் கொள்கை. ஆறு மாதம் இப்படி.

நானும் ஏற்காட்டுக்கு வந்தேன். முப்பது வருடம் பரீட்சை அறையில் நின்றவள் என்று தெரிந்ததும், மூன்றாவது சோதனைச் சாவடியை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு மணிக்குச் சாவடியை மூட வேண்டும். அதன் பிறகு வருகிறவர் போட்டியில் இல்லை. முதல் நாள் மாலைக் கூட்டத்தில் சாவடி பார்க்கிறவர்கள் எல்லோருடைய கடிகாரத்தையும் ஒன்றாக வைத்தார்கள். நானும் வீட்டு நேரத்தை விட்டு என்னுடையதைச் சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

காப்பி உலர்த்தும் களத்தில் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். கூட எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் இருந்தார், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க. அவரிடம் கடிகாரம் இல்லை. வந்த பையன்கள் எல்லாம் பன்னிரண்டரைக்குள் போய்விட்டார்கள். "அங்கிள் பின்னாடி பிரதட்சணம் வந்துட்டிருக்கார் ஆன்ட்டி" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். நீங்கள் ஒருவர்தான் பாக்கி. என் கடிகாரத்தில் ஒரு மணியானதும் பட்டியலின் கீழே சிவப்புக் கோடு போட்டேன். ஒன்று நான்குக்கு வளைவில் உங்கள் தலை தெரிந்தது. முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. சிரித்துக்கொண்டு வந்தீர்கள். அங்கிருந்து முடிவுக் கோடு வரை பதினெட்டு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். ஏற வேண்டியதை எல்லாம் ஏறிவிட்டீர்கள்.

"நாலு நிமிஷம் லேட்" என்றேன்.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "உங்க ஊட்டுக்காரருதானுங்களே, உட்ருங்கம்மா. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேன்" என்றேன்.

நீங்கள் உங்கள் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

"எழுதிக்கோங்க டீச்சரம்மா."

சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். கோட்டுக்குக் கீழே உங்கள் பெயரையும் நேரத்தையும் எழுதினேன். எழுத்து நன்றாக இருந்தது. ஜீப்பில் மலை இறங்கும்போது தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, "கால் வலிக்கவேயில்ல, அதுதான் ஆச்சரியம்" என்றீர்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பதைக் காட்டிவிட்டேன் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மயிலாப்பூர் வீட்டுக் கதவைத் திறந்ததும் பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து. மணிக்கட்டைப் பார்த்தேன். ஆறு பத்து.

ஏழு நிமிட வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். நான்தான் சரியாகத் திருப்பி வைத்திருந்தேனே. போட்டியன்று விடியற்காலையில், விடுதி அறையில், டார்ச் வெளிச்சத்தில், நீங்கள் எப்போதும் போல இரண்டு கடிகாரத்துக்கும் சாவி கொடுத்து, என்னுடையதை வீட்டு நேரத்திலேயே ஓடிய உங்களுடையதோடு ஒத்து வைத்திருக்கிறீர்கள். பழகிய கை. அப்படியென்றால் நீங்கள் வளைவில் திரும்பியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு. மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அதனால்தான் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். சைக்கிளின் முன்சக்கரத்தைக் கையில் பிடித்தபடி நீங்கள் பின்னால் வந்தீர்கள். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தீர்கள்.

"காப்பி போடட்டுமா?" என்றீர்கள்.

"போடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. பிறகு மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், அதைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மேஸ்திரியின் முன்னால் பட்டியலை வைத்துக்கொண்டிருந்த மனைவியைத் தவறு என்று காட்ட வேண்டாமென்று நீங்கள் அங்கே பேசாமல் இருந்தீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் எனக்கு எழுத வரும், சொல்ல வராது. அடுத்த வருடம் முழங்கால் சரியில்லை என்று நீங்கள் விண்ணப்பம் போடவில்லை. அந்தச் சைக்கிளில் குளத்தங்கரைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தீர்கள். யாராவது போட்டியைப் பற்றிக் கேட்டால், "நாலு நிமிஷத்துல கோட்டை விட்டேன்" என்று சிரிப்பீர்கள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. அடுத்தவர் பேச்சில் ஒரு சொல் பிசகினாலும் திருத்துகிற நான் அதைத் திருத்தவில்லை.

அடையாற்றில் அந்த மருத்துவமனையில், டாக்டர் உங்கள் கையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கையில் கடிகாரம் இல்லை. நர்ஸ் என்னிடம் மணி கேட்டார். நான் பார்த்து, ஏழைக் கழித்து, நான்கு இருபத்திரண்டு என்றேன். அன்று சரியாகக் கழித்தேன். அழுகை வரவில்லை. அது பிறகும் வரவில்லை. உறவுக்காரர்கள் என்னைத் திடமானவள் என்கிறார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, தொட்டால் தொட்டது தெரிகிறது, வலி தெரியவில்லை.

மூன்று கடிகாரத்துக்கும் இப்போது நான்தான் சாவி கொடுக்கிறேன். உங்களுடையதற்கும் சேர்த்து. விரல் வலிக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒத்து வைக்கிறேன், ஏழு நிமிடம் முன்னால்.

கடிகாரக்காரரிடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லப் போகிறேன். யார் இப்படித் தப்பாக வைத்தது என்று அவர் கேட்பார், கேட்கிற ஆள்தான். வீட்டுக்காரர் வைத்தது, அவர் சரியாகத்தான் வைத்தார், தப்பாகப் பார்த்தது நான் என்று சொல்லப் போகிறேன். உங்களிடம் மூன்று வருடம் சொல்லாததை, பெயர் தெரியாத ஒருவரிடம், மாடிப்படிக்குக் கீழே நின்று.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிக்கிறது. செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது.